மூன்றாவது உபசாரம்

"மாத்திரை செவ்வாய்க்கிழமை வரும்," என்றாள் மருந்துக்கடை லோர்னா.

"சனிக்கிழமை காலையில எனக்கு வேணும்," என்றார் மெர்ல் ஹாகன்.

"செவ்வாய்க்கிழமை நிச்சயமா வரும்," என்றாள் அவள், இன்னும் கொஞ்சம் இனிமையைச் சேர்த்து.

மினசோட்டாக்காரர்கள் வாயில் 'இல்லை' என்ற சொல் வராது. வேறொரு கிழமையைச் சொல்வார்கள். மிச்சத்தை நீங்களே புரிந்துகொள்ள வேண்டும். மெர்ல் புரிந்துகொண்டார். உள்ளங்கை வியர்த்தது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி.

முப்பத்தோரு வருடம் மாவட்டத்துப் பனிவாரி லாரியை ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர் அவர். முன்னால் போகிற வண்டியின் விளக்குகூடத் தெரியாத புயலில், ஊரே போர்வைக்குள் சுருண்டு கிடக்கும்போது, சீட்டியடித்துக்கொண்டு சாலையைத் திறந்துவிட்டு வருவார். ஆனால் விமானம் என்றால் போயிற்று. நாலு வருடம் முன்பு, மகள் இங்ரிட் பட்டம் வாங்குவதைப் பார்க்க விமானப் படிக்கட்டு வரை போனார். மொத்தம் ஏழு படி. நாலாவது படியில் திரும்பி இறங்கி, நேரே வீட்டுக்கு வந்து, கார் கொட்டகையில் உட்கார்ந்து அழுதார். இங்ரிட் கோபித்துக்கொள்ளவே இல்லை. "பரவாயில்லப்பா," என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, நாட்டின் தென்கோடியில் இருக்கும் டூசானில் அவளுக்குக் கல்யாணம். "நீங்க வந்தா உங்க கையைப் பிடிச்சிக்கிட்டு மாப்பிள்ளைகிட்ட நடந்து போவேன்ப்பா. வரலைன்னா தனியா நடப்பேன். வேற யார் கையையும் பிடிக்க மாட்டேன்," என்று தொலைபேசியில் சொல்லிவிட்டாள். காரிலேயே போய்விடலாம் என்று மெர்ல் போட்ட கணக்கை மனைவி கொரின் முன்கூட்டியே படித்துவிட்டாள். "பாதி வழியில வண்டி மக்கர் பண்ணுதுன்னு திரும்பி வந்துடுவீங்க. உங்களைத் தெரியாதா எனக்கு?" என்று, கல்யாணச் சாமான்களோடு நல்ல வண்டியை அவளே எடுத்துக்கொண்டு பத்து நாள் முன்பே கிளம்பிவிட்டாள். வீட்டில் மிச்சமிருந்த பழைய கார் ஏரிக்கரையைத் தாண்டினாலே இருமும்.

ஆக, விமானம்தான். டாக்டர் சுண்ட்பி பயம் தணிக்க ஒரு மாத்திரை எழுதி, சீட்டை மெயின் தெரு மருந்துக்கடைக்கு அனுப்பிவிட்டு, உறைந்த ஏரியின் நடுவே கூடாரம் போட்டு, பனியில் துளை போட்டு, தூண்டிலோடு உட்கார்ந்துவிட்டார். அங்கே தொலைபேசி எடுக்காது. அதற்காகத்தான் போவதே. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். இங்கே சாமி மீன் பிடிக்கப் போய்விட்டது. பூசாரியிடம் சரக்கு இல்லை.

"வேற கடைக்கு மாத்திக்கலாம், மெர்ல்," என்றாள் லோர்னா. "டெல்மர் சூப்பர்மார்க்கெட்ல மருந்துப் பிரிவு இருக்கு. அங்கே கேளுங்க."

"மாத்திடுங்க."

"ஒரு விஷயம். இது கட்டுப்பாட்டு மருந்து. ஒரு கடையிலேர்ந்து இன்னொரு கடைக்குச் சட்டப்படி ஒரே ஒரு தடவைதான் மாறலாம். மாறினதும் இங்க இருக்கற சீட்டுல குறுக்கே 'ரத்து'ன்னு எழுதிடுவேன். அப்புறம் திரும்பி வராது, மூணாவது கடைக்கும் போகாது."

"கல்யாணம் மாதிரி," என்றார் மெர்ல், பேச்சைக் கொஞ்சம் லேசாக்க.

லோர்னாவின் முகம் மாறியது. "கல்யாணத்தை ரத்து பண்ண இவ்வளவு படிவம் கேக்கல. நான் பண்ணியிருக்கேன்."

மெர்ல் காலணியைப் பார்த்துக்கொண்டார்.

"இன்னொண்ணு," என்று அவள் தொடர்ந்தாள். "நீங்க கேட்டா நான் மாத்த முடியாது. அந்தக் கடையோட மருந்தாளுநர் எனக்குப் போன் பண்ணணும். உரிமம் வாங்கின ஒருத்தர், உரிமம் வாங்கின இன்னொருத்தரோட, நேரடியா, வாயால பேசணும். அதான் சட்டம்."

மெர்லுக்குப் பின்னால், காதை மூடும் குல்லாய் போட்ட ஒரு நெட்டை மனிதர் நின்றிருந்தார். அவருக்கும் அதே மாத்திரை, அதே செவ்வாய்க்கிழமை, அதே சட்டம். இருவரும் சோர்ந்துபோய் கடை ஓரத்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். பக்கத்து மேசையில் வாடிக்கையாளர்களுக்கான காப்பிக் குடுவை. அதில் ஒரே ஒரு கோப்பை அளவுதான் மிச்சம்.

"நீங்க குடிங்க," என்றார் குல்லாய்க்காரர்.

"ஐயோ, வேண்டாங்க."

"பரவாயில்ல, குடிங்க."

"இல்லல்ல, நீங்க குடிங்க."

"அட, ஆறிப்போகுது. குடிங்க."

"நீங்க இவ்வளவு சொல்றதால," என்று மெர்ல் வாங்கிக்கொண்டார்.

அந்தப் பக்கத்து வழக்கம் அது. எதைக் கொடுத்தாலும் இரண்டு தடவை மறுக்க வேண்டும், மூன்றாவது தடவை வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் தடவையே கை நீட்டுகிறவன் சிகாகோவிலிருந்து வந்தவன். மூன்றாவது தடவை கேட்காமல் விடுகிறவன் கொடுக்க மனமில்லாதவன். கல்லறையில் இடம் கொடுத்தாலும் இதே மூன்றுதான்.

குல்லாய்க்காரர் பெயர் ராய்ஸ். "உங்களுக்கு எதுக்கு இந்த மாத்திரை?" என்று மெர்ல் மெதுவாகக் கேட்டார்.

"வேலைதான் காரணம்," என்றார் ராய்ஸ், குரலைத் தாழ்த்தி. "சின்ன வயசுல ஒண்ணும் தெரியல. இப்ப ரெண்டு வருஷமா நடுக்கம். மாத்திரை போட்டாத்தான் கை நிக்குது."

"என்ன வேலை?"

"பஸ் ஓட்டற மாதிரிதான். ஒம்பது பேரு உக்காரலாம். காலையில கூட்டிட்டுப் போயி, சாயங்காலம் கூட்டிட்டு வரணும். சில நாள் எல்லாரும் சேர்ந்து கத்துவாங்க பாருங்க!"

"பசங்க அப்படித்தான்."

"எல்லா வயசும் உண்டு."

முதியோர் இல்லத்து வண்டி போலிருக்கிறது என்று மெர்ல் நினைத்துக்கொண்டார். "ரோடு வேற வழுக்குதே இப்ப."

"ரோடு எனக்குக் கவலையே இல்ல," என்றார் ராய்ஸ்.

மதியம் ஒரு மணிக்கு மெர்ல் டெல்மர் சூப்பர்மார்க்கெட்டின் மருந்துப் பிரிவில் நின்றார். மருந்தாளுநர் இப்போது வந்துவிடுவார் என்று உதவியாளர் வோண்டா சொன்னாள். உள்கதவு திறந்தது. வேறு நிற மேலங்கி, வேறு பெயர்ப்பட்டை. உள்ளே இருந்தது அதே லோர்னா.

"வணக்கம். உங்களுக்கு என்ன உதவி செய்யணும்?" என்றாள், அவரை ஜென்மத்தில் பார்த்ததே இல்லை என்பது போல.

"லோர்னா! நான்தான், மெர்ல்! காலையில பாத்தோமே!"

"காலையில நீங்க மெயின் தெருக் கடையில பாத்திருப்பீங்க. இங்க இருந்தவரு பனியில வழுக்கி இடுப்பை ஒடச்சிக்கிட்டாரு. அதனால மதியம் மட்டும் நான் இங்க."

"நல்லதாப் போச்சு! உங்களுக்கே எல்லாம் தெரியுமே. மாத்திடுங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள் லோர்னா. "நோயாளியோட அந்தரங்கம். அந்தக் கடையில தெரிஞ்சது இந்தக் கடையில எனக்குத் தெரியக் கூடாது. உங்க பேரு?"

மெர்ல் பேரைச் சொன்னார். பிறந்த தேதியைச் சொன்னார். என்ன மாத்திரை என்று அவளிடமே அவளுக்குச் சொன்னார். அவள் ஒவ்வொன்றுக்கும் "அப்படியா?" என்று ஆச்சரியப்பட்டு எழுதிக்கொண்டாள். இருப்பு இருக்கிறதா என்று பார்த்தாள். ஒரு முழுக் குப்பி இருந்தது! மெர்லுக்குக் கண் கலங்கிவிட்டது. குப்பி அவர் கைக்கெட்டும் தூரத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

"இப்ப அந்தக் கடைக்குப் போன் பண்றேன்," என்று லோர்னா எண்களை அழுத்தினாள். மறுமுனையில் பதிவு செய்த குரல் வந்தது. 'வணக்கம், நான் லோர்னா. உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம். இணைப்பில் காத்திருங்கள்.' பிறகு வயலின் இசை.

லோர்னா லோர்னாவுக்காகக் காத்திருந்தாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். நாலாவது நிமிடம் மெர்ல் பொறுமையிழந்தார்.

"அம்மா, அங்க போன் எடுக்க வேண்டிய ஆளே நீங்கதானே?"

"ஆமா."

"நீங்க இங்க இருக்கீங்களே?"

"தெரியும். ஆனா நான் முயற்சி பண்ணினதுக்குப் பதிவு இருக்கணும்." போனை வைத்தாள். "எடுக்கல."

"நாளைக்குக் காலையில?"

"காலையில நான் அங்க இருப்பேன். இங்கேர்ந்து போன் பண்ண ஆள் இருக்காது."

"நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கலாமே. மனசுக்குள்ள?"

"ரெண்டு பேரு பேசணும்னு போட்டிருக்கு. பதிவுக் குரல்ல சொல்லி வெச்சாலும் செல்லாது. போன வருஷம் ஒருத்தரு தனக்குத்தானே பேசி மாத்தினாரு. உரிமம் போச்சு."

"அதுக்காகவா உரிமத்தைப் பிடுங்கினாங்க?"

"தனக்குத்தானே பேசறாருன்னு பிடுங்கினாங்க."

அப்போது பின்னாலிருந்து ஒரு இருமல். ராய்ஸ்! அவரும் அதே ஆளைத் தேடி அதே ஆளிடம் வந்திருந்தார். "பக்கத்து ஊரு ஹோல்ம்விக்ல ஒரு கடை இருக்கு," என்றார் தயங்கித் தயங்கி. "கர்ட்டிஸ்னு ஒருத்தரு. நாளைக்குக் காலையில அவரு மெயின் தெருக் கடைக்குப் போன் பண்ணினா, இவங்க அங்க இருப்பாங்க. ரெண்டு பேரு ஆச்சே."

கையில் இருந்த பேனாவை லோர்னா மேசையில் வைத்தாள். "எந்த கர்ட்டிஸ்?" என்றாள்.

வோண்டாதான் பிறகு மெர்லின் காதில் சொன்னாள். "முன்னாள் புருஷன். பதினோரு வருஷமாப் பேச்சு வார்த்தை இல்ல."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. ஆனால் வேறு கிணறு இல்லை. மெர்ல் கண்ணாடி மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். "லோர்னா, என் பொண்ணு தனியா நடப்பா. சொன்னாச் செய்யற பொண்ணு. நாலு வருஷம் முன்னாடி நான் படிக்கட்டுலேர்ந்து எறங்கி வந்துட்டேன். இந்தத் தடவையும் எறங்கினேன்னா அப்புறம் அவ முகத்துல எப்படி முழிப்பேன்?"

லோர்னா மேசையில் கிடந்த பேனாவை மறுபடி எடுத்துக்கொண்டாள். "அவரு முதல்ல பேசினா, நான் பதில் சொல்றேன்," என்றாள். "சட்டம் சொல்றதால."

வெள்ளிக்கிழமை காலை ராய்ஸ் தன் காரில் கூட்டிப் போவதாகச் சொன்னார். மெர்ல் இரண்டு தடவை மறுத்து மூன்றாவது தடவை ஏறிக்கொண்டார். இருபத்தாறு மைல். ராய்ஸ் அழகாகத்தான் ஓட்டினார். ஆனால் பாலத்தின் மேல் ஏறும்போது மட்டும் கண்ணை இறுக்கிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். இவர் வண்டியில் ஏறுகிற கிழவிகள் பாவம் என்று மெர்ல் நினைத்தார்.

"நாளைக்குக் காலையில எட்டு மணி விமானம்," என்று பேச்சு கொடுத்தார் மெர்ல். "நம்ம ஊர்லேர்ந்து மினியாபொலிஸ். அப்புறம் பெரிய விமானம். பெரிசுகூடப் பரவாயில்ல, இந்தச் சின்னதுதான்..."

"கேள்விப்பட்டிருக்கேன்," என்றார் ராய்ஸ். குல்லாயை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

கர்ட்டிஸ் வழுக்கைத் தலையும் சோகமான மீசையுமாக இருந்தார். கணினியைத் தட்டிப் பார்த்து, "இருப்பு ஒண்ணு காட்டுது," என்றார். மெர்லும் ராய்ஸும் கை குலுக்கிக்கொண்டார்கள். யாருக்குப் போன் பண்ண வேண்டும் என்று தெரிந்ததும் கர்ட்டிஸ் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். அப்புறம் எண்களை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டார். சாட்சி இருக்கட்டும் என்றார்.

"மெயின் தெரு மருந்துக்கடை. லோர்னா பேசறேன்."

கர்ட்டிஸ் தொண்டையைச் செருமினார். "உரிமம் பெற்ற மருந்தாளுநர் பேசறேன்."

மறுமுனையில் ஏதோ டப்பா கீழே விழுந்தது.

"உரிமம் இன்னும் இருக்கா உனக்கு?"

"வாஃபிள் பலகாரம் சுடற அச்சு இன்னும் உன்கிட்ட இருக்கற மாதிரி."

"அது எங்கம்மா குடுத்தது!"

"நம்ம ரெண்டு பேருக்கும் குடுத்தது!"

இணைப்பு துண்டிக்கப்பட்டது. பாதியில் அறுந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது கர்ட்டிஸின் கொள்கை. மறுபடி அழைத்தார்.

"நோயாளியோட பேரு?" என்றார்.

"மெர்ல் ஹாகன். எச், ஏ..."

"திரும்பச் சொல்லு."

"ஒரு தடவை சொன்னா எப்பவாவது காதுல வாங்கியிருக்கியா நீ?"

மறுபடி துண்டிப்பு. மெர்ல் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பயம் தணிக்கும் மாத்திரை வாங்க இவ்வளவு பயப்பட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லவே இல்லை.

"நான் வேணும்னா அவங்ககிட்ட..." என்று ஆரம்பித்தார்.

"உங்களுக்கு உரிமம் இருக்கா?" என்றார் கர்ட்டிஸ். மூன்றாம் முறை அழைத்தார்.

இந்தத் தடவை இருவரும் படிவத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பேரு, தேதி, மாத்திரை அளவு, சீட்டு எண். மெர்லுடையது முடிந்து ராய்ஸுடையதும் முடிந்தது. "கடைசியா, உன் முழுப் பேரைச் சொல்லு," என்றார் கர்ட்டிஸ்.

"என் பேரு உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரிஞ்ச பேரையெல்லாம் படிவத்துல எழுத முடியாது."

மறுமுனையில் ஒரு சத்தம் கேட்டது. மெர்ல் அதை அழுகை என்று நினைத்துப் பயந்துவிட்டார். சிரிப்பு. லோர்னா முழுப் பேரைச் சொன்னாள். "ரெண்டு சீட்டுலயும் ரத்துன்னு எழுதிட்டேன்," என்றாள். பிறகு, "கழுத்து வலி எப்படி இருக்கு?"

"இருக்கு," என்றார் கர்ட்டிஸ்.

"சரி," என்று வைத்துவிட்டாள்.

கர்ட்டிஸ் மீசையைத் துடைத்துக்கொண்டு, இழுப்பறையைத் திறந்து, குப்பியை எடுத்து, தட்டில் கவிழ்த்தார். ஒரே ஒரு மாத்திரை உருண்டு வந்து நின்றது.

மூவரும் அதையே பார்த்தார்கள்.

"இருப்பு ஒண்ணுன்னீங்களே?" என்றார் மெர்ல்.

"ஒண்ணுதான்," என்றார் கர்ட்டிஸ். "ஒரு குப்பின்னு நெனச்சேன். கணினி மாத்திரையை எண்ணியிருக்கு."

"டெல்மர்ல ஒரு முழுக் குப்பி இருக்கு! சீட்டை அங்க மாத்துங்க!"

"மாத்தலாம்தான். ஆனா ஒரு தடவை மாறிடுச்சே. இனி எங்கயும் போகாது. மீதி இங்க செவ்வாய்க்கிழமை வரும்."

"பாதியா உடைச்சு ஆளுக்குப் பாதி?"

"இதுவே ரொம்பக் குறைஞ்ச அளவுதான். இதையும் உடைச்சா நாக்குல வெச்சிக்கத்தான் ஆகும்."

ஒரு மாத்திரை. இரண்டு சீட்டு. இரண்டு மினசோட்டாக்காரர்கள்.

"நீங்க எடுத்துக்குங்க, ராய்ஸ்," என்றார் மெர்ல். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அறுபத்தோரு வருடப் பழக்கம்.

"ஐயோ, வேண்டாம். நீங்க எடுத்துக்குங்க. பொண்ணு கல்யாணம்," என்றார் ராய்ஸ்.

"உங்களுக்கும் நாளைக்கு வேலை இருக்கே. எடுத்துக்குங்க."

"இல்லல்ல, மெர்ல். எனக்கு வேண்டாம்."

இரண்டு ஆகிவிட்டது. மூன்றாவது தடவை கேட்க மெர்ல் வாயைத் திறந்தார். ராய்ஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். குல்லாயைப் பிடித்த விரல்கள் லேசாக நடுங்கின. மெர்லுக்கு இங்ரிட் கண் முன்னால் வந்தாள். வெள்ளை உடையில், பக்கத்தில் ஆளில்லாமல், நாற்காலி வரிசைகளுக்கு நடுவே, 'பரவாயில்லப்பா' என்ற அதே முகத்தோடு.

மெர்ல் வாயை மூடிக்கொண்டார். மாத்திரையை எடுத்துக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் மெர்ல் சட்டைப் பையை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார். பாலத்தின் மேல் ராய்ஸ் மறுபடி முணுமுணுத்தார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மெர்ல் மாத்திரையை விழுங்கினார். ஏழே முக்காலுக்குப் படிக்கட்டில் கால் வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலாவது படியில் கொஞ்சம் நின்றார். அப்புறம் ஐந்து, ஆறு, ஏழு. உள்ளே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்து, இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டார். மனசு வெண்ணெய் மாதிரி இளகியிருந்தது. உலகத்தில் எல்லாரும் நல்லவர்கள். லோர்னா நல்லவள், கர்ட்டிஸ் நல்லவர், சட்டம்கூட அதன் வழியில் நல்லதுதான். ஒரே ஒரு முள் மட்டும் உறுத்தியது. மூன்றாவது தடவை கேட்காமல் விட்டுவிட்டோமே! பாவம் அந்த மனிதர். டூசானிலிருந்து அவருக்கு ஏதாவது நல்லதாக வாங்கி வர வேண்டும். அவர் எத்தனை மறுத்தாலும் விடக் கூடாது.

சின்ன விமானம். ஓட்டுகிற இடத்துக்கும் இருக்கைகளுக்கும் நடுவே கதவுகூடக் கிடையாது. மெர்லுக்குப் பின்னால் எட்டுப் பேர் ஏறி உட்கார்ந்தார்கள். கடைசியாக விமானி வந்தார், காலணியில் ஒட்டிய பனியை உதறி, குனிந்து உள்ளே நுழைந்து, முன் இருக்கையில் உட்கார்ந்தார். காதை மூடும் குல்லாயைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். பட்டனை அழுத்தப் போன விரல் இரண்டு தடவை வேறு பட்டனில் இடறி, மூன்றாவது தடவை சரியான இடத்தைத் தொட்டது.

இயந்திரம் உறுமியது. பயணிகளை வரவேற்க விமானி திரும்பினார். மெர்லைப் பார்த்தார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தாலும் அதில் கோபம் துளியும் இல்லை. அந்தப் பக்கத்து மரியாதைதான் இருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க, மெர்ல்," என்றார் ராய்ஸ். "நீங்க மூணாவது தடவையும் கேப்பீங்கன்னு நெனச்சுத்தான் நான் ரெண்டு தடவை வேண்டாம்னேன்."